வெடிக்கு ஒரு பல்

நான் அழாத பெண் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். பொய் என்று காட்ட எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அதையும் நான் வாயால் சொல்லிக் காட்டவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று வலி எடுத்தது. அப்பாவுக்கு வடசேரியில் அரிசிக் கடை. கடை அடைத்துவிட்டு வந்தால் அவருக்குத் தூக்கம் வேண்டும், நானோ ராத்திரி முழுக்க முனகிக்கொண்டிருந்தேன். அம்மா கிராம்பு வைத்துப் பார்த்தாள். கண்டங்கத்திரி விதையைக் காய்ந்த ஓட்டில் போட்டு, எழும்பிய புகையை வாய்க்குள் பிடிக்கச் சொன்னாள். பல்லில் இருக்கிற புழு விழுந்துவிடுமாம். எனக்கு இருமல்தான் வந்தது. கடைசியில் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்தாள். அது தலைவலிக்காரர்கள் படைக்கிற அப்பம். மாமா அதைச் சொன்னபோது அம்மா, "பல்லும் மண்டையிலதானே இருக்கு?" என்று கேட்டாள்.

மாசிக் கொடைவிழாவுக்கு வில்வண்டி கட்டிக்கொண்டு போனோம். அப்பம் படைத்துத் தொழுதுவிட்டு வெளியே வந்தால், கடற்கரை மணலில், வெடி போடுகிற வெடிப்புரைக்குப் பக்கத்தில் ஒரு தென்னைமூட்டில், மரத்தடியில், பல் பிடுங்குகிறவர் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். துணி நிறையப் பற்கள். கோயிலில் வெடி வழிபாடு உண்டு. இரும்புக் குழாயில் மருந்தைக் கிட்டித்துத் திரி வைத்திருப்பார்கள். நேர்ச்சைக்காரரின் பெயரை ஒருவர் உரக்கக் கூவியதும் வெடி கிளம்பும். நெஞ்சுக்குள் யாரோ குத்தியதுபோல் இருக்கும். அந்த மனிதர் அந்த இடத்தைத் தெரிந்தேதான் பிடித்திருந்தார்.

"வெடிக்கு ஒரு பல்லு" என்றார் அப்பாவிடம். "வெடி கேக்கப்போ பிள்ள திடுக்குனு ஆகும்லா, அந்தத் திடுக்குல பல்லு வந்திரும். வலியே தெரியாது."

"கேட்டியா மக்களே, ஒண்ணுமே தெரியாதாம்" என்றார் அப்பா என்னிடம்.

எனக்கு முன்னால் ஒருவருக்குப் பிடுங்கியதைப் பார்த்தோம். வெடித்தது, பல் வந்தது, அவர் சத்தமே போடவில்லை. அப்பாவுக்கு முழுத் திருப்தி. என்னை மணலில் உட்காரவைத்தார்கள். அப்பா தலையைப் பிடித்தார், மாமா காலை அமுக்கினார். அம்மா கோயிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வாயைத் திறந்ததும் குறடு உள்ளே வந்து பல்லைக் கவ்வியது. இனி வெடிக்கவேண்டியதுதான் பாக்கி.

வெடி வரவில்லை.

"நடை அடைச்சாச்சு. தீபாராதனை கழிஞ்சுதான் இனி வெடி" என்று யாரோ சொன்னார்கள்.

"அப்போ குறட்ட எடும்" என்றார் மாமா.

"எடுத்தா பிள்ள பின்ன வாயத் தொறக்காது. இப்படியே இருக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான். எடுத்திருந்தால் நான் கடலுக்குள் ஓடியிருப்பேன். அப்படியே இருந்தோம். இரும்பு வாய்க்குள், எச்சில் கழுத்தில் வழிந்து சட்டை நனைகிறது, தலையை அசைக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தென்னையோலையும் அதன்மேல் ஒரு காக்கையும்தான். அப்பாவும் பல் பிடுங்குகிறவரும் என் முகத்துக்கு மேலே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கும்பப்பூ நெல் நன்றாக விளைந்ததாம், குளத்தில் தண்ணீர் நின்றதாம். ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் இதோ வெடி, இதோ வெடி என்று என் உடம்பு இறுகியது. வலி வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு, ஆ என்று சொல்லக்கூட வழியில்லாமல் காத்திருப்பது வலியைவிடக் கேடுகெட்டது. அந்த நேரத்தில் எல்லோரையும் வெறுத்தேன், அம்மனையும் சேர்த்து.

பிறகு ஒரு பெயரைக் கூவினார்கள். வெடித்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அடுத்த பெயர், அடுத்த வெடி, அதற்கும் கத்தினேன். பல் பாதியில் ஒடிந்து, மேல் துண்டு மட்டும் குறட்டோடு வந்தது. "வேரு தன்னால கரைஞ்சு போவும்" என்று சொல்லித் துண்டை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினார்.

"பாத்தியா, பிள்ள அழவே இல்ல."

வாய் நிறைய ரத்தத்தோடு நான் என்ன சொல்ல? அன்றைக்கு அந்தத் தென்னைமூட்டில் அழாதவர் என்று பேர் வாங்கியவர்கள் அத்தனை பேரும் என்னைப்போலத்தான் கத்தியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அப்பா இந்தக் கதையைச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் சொன்னார். நானோ எந்தக் கோயிலில் வெடி போட்டாலும் கையால் வாயைப் பொத்திக்கொள்வேன். மருமகள் பக்தியில் வாய்பொத்தி நிற்கிறாள் என்று மாமியார் பெருமைப்பட்டாராம்.

வேர் கரையவில்லை. கல்யாணமாகி, மூத்தவள் பிறந்து மூன்று நான்கு மாதம் இருக்கும்போது வலி மறுபடி கிளம்பியது. கன்னம் வீங்கி, தாடை இறுகி, விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. கஞ்சித் தண்ணீர் விழுங்கினால் காதுவரை வெட்டி இழுத்தது. சாப்பாடு நின்றதும் பால் குறைந்தது. பிள்ளை மார்பில் முட்டி முட்டி உறிஞ்சுவாள், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி உறிஞ்சுவாள், பிறகு வீறிடுவாள். பசும்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்தால் குடித்ததைக் கக்கினாள். அவள் தொடை மெலிவதை நான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன்.

மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லை எடுத்துவிட வேண்டியதுதானே என்றார் வீட்டுக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

அவர் சிரித்தார். "பயமா, ஒனக்கா? வெடிக்கே அழாதவளுன்னுல்லா ஒங்க அப்பா சொன்னாரு."

மாமியாருக்கு மதம் மாற்றிவிடுவார்களோ என்ற கவலை. "அங்க போனா வேதத்துல சேத்துருவாங்கடே" என்றார்.

"பல்லத்தான் எடுப்பாங்க அம்மா, பேர மாத்தமாட்டாங்க" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குத் தைரியம் வந்து போனதாக நினைக்கவேண்டாம். இரண்டுமுறை புடவை மாற்றிக் கிளம்பி, இரண்டுமுறையும் வாசல்நடையோடு திரும்பிவிட்டேன். மேலத்தெருவில் ஒருவர் இதேபோல வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சுமுட்டிச் செத்துப்போனார் என்று கேள்விப்பட்டும் நான் அசையவில்லை. செத்தால் சாகிறேன், குறடு வேண்டாம் என்றுதான் இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் பிள்ளை அழவில்லை. பசிக்குக்கூட அழச் சக்தியில்லாமல் மடியில் கிடந்து விழித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு, தலைகூட வாராமல், மோட்டார் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்காரர் பின்னால் ஓடிவந்து ஏறினார்.

ஆஸ்பத்திரியில் முதலில் எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்து ஜெபம் செய்தார்கள். அவர்கள் கண்ணை மூடியபோது நானும் மூடினேன். யாரைக் கூப்பிட்டேன் என்பது எனக்குத் தெரியும். அருமனைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பேடிக்கண்டாம் அக்கா" என்றாள். பயப்பட வேண்டாம் என்று அவள் சொன்னதும்தான் பயம் கூடியது.

டாக்டர் வெள்ளைக்காரர். வேதப் புத்தகத்தில் படித்த தமிழ் பேசினார். "வாயைத் திறவுங்கள் அம்மா" என்றார். நான் திறக்கவில்லை. திறக்க முடிந்த அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்வார் என்று நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"முன்பு இந்தப் பல்லை யார் எடுத்தார்கள்?"

பல்லைக் கடித்தபடியே சொன்னேன். வெடி, தீபாராதனை, காக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரிக்கவில்லை.

"இங்கே வெடி இல்லை அம்மா. நீங்கள் கையை உயர்த்தினால் நான் நிறுத்துவேன்."

நான் நம்பவில்லை. ஆனாலும் முடிந்தவரை திறந்தேன். கண்ணாடி வைத்த கம்பி உதட்டில் பட்டதும் கையைத் தூக்கினேன். நிறுத்தினார். கம்பியை வெளியே எடுத்துக் காத்திருந்தார். மரத்துப்போக ஊசி போட வந்தார், ஊசி ஈறில் படுவதற்கு முன்பே தூக்கினேன். அதற்கும் நிறுத்தினார். வலித்ததால் நான் தூக்கவில்லை. நிற்கிறாரா என்று பார்க்கவே தூக்கினேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும். "வெளிய ஆளு நெறைய நிக்கி" என்று கம்பவுண்டர் முணுமுணுத்தார். டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. நன்றாக, வாய்விட்டு, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதேன். வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னத்துக்கு அழுகா? வலிக்கா?"

"இல்ல அண்ணா, ஒண்ணும் செய்யல்ல. கரையட்டு" என்றாள் நர்ஸ். அழட்டும் என்று அர்த்தம்.

ஊசி போட்டதில் தாடை கொஞ்சம் இளகியது, ஆனால் முழுக்க மரக்கவில்லை. வேர் துண்டு துண்டாகத்தான் வந்தது. குறடு கவ்வியபோதெல்லாம் கண்ணை இறுக மூடி வெடிக்காகக் காத்திருந்தேன். உடம்புக்கு வேறு பாடம் தெரியாது. கை தூக்கியபோதெல்லாம் நின்றது. எல்லாம் முடிந்து துண்டுகள் கிண்ணத்தில் கிடந்தபிறகும் என் கை மேலேயே நின்றிருக்கிறது. நர்ஸ்தான் அதைப் பிடித்துக் கீழே இறக்கி, அந்தக் கையில் பிள்ளையை வைத்தாள்.

வீக்கம் வடிந்தும் பால் உடனே வரவில்லை. நானும் என்னென்னவோ தின்றேன், காத்திருந்தேன். அதற்குக் கையைத் தூக்கி யாரிடம் சொல்ல? ஒருநாள் விடிகாலையில் மார்பு கனத்து ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளையை எழுப்பிக் கொடுத்தேன். மூச்சுவிடாமல் குடித்தாள்.

பேத்தியைப் பார்க்க வந்த அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு அதே கதையைத் தொடங்கினார். "ஒனக்க அம்ம இருக்காளே, வெடிக்கையில பல்லப் பிடுங்குனோம், அழவே இல்ல."

"அழுவா மாமா" என்றார் வீட்டுக்காரர். "நான் கேட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மேற்கொண்டு கதை சொல்லவில்லை.

பிறகு மகளுக்கு முதல் பல் முளைத்தது, கீழ்வரிசையில், அரிசிமுனைபோல. பால் குடித்துக்கொண்டே இருந்தவள் ஒருநாள் நறுக்கென்று கடித்தாள். உயிர் போயிற்று. என்னையறியாமல் கை மேலே போய்விட்டது. அவளுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. உயர்ந்த கையை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கடித்தாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.