அமெரிக்காவில் ஒரு நியமனம், ஹவுன்ஸ்லோவில் ஒரு ஊசி

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு ஹோலில் அமெரிக்க செனட் கூடியது.

உறுப்பினர்கள் இரண்டே பேர். ஒருவர் நான். மற்றவர் என் சகலன் ரமணன் — என் மனைவியின் தங்கை சுகந்தியின் கணவர். பாரிஸில் வளர்ந்தவர். இப்போது ஹவுன்ஸ்லோவில் குடியிருந்துகொண்டு விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற பகுதியில் வேலை செய்கிறார். எங்கள் இரண்டு பேருக்குமே அமெரிக்காவில் வாக்கு இல்லை. அந்த நாட்டில் ஒரு மாமா மகன் இருக்கிறான், அவ்வளவுதான்.

அதனால் என்ன? எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? கொழும்போ, டெல்லியோ, வாஷிங்டனோ — எங்கே எவர் பதவிக் கதிரையில் ஏறினாலும் அதில் எங்கள் தலையெழுத்தும் இருக்கிறது என்று நினைத்தே பழகிவிட்டோம். தேநீர் ஆறிப்போகும் வரை விவாதிப்போம். ஆறிய பிறகு சூடாக்கித் தரச்சொல்லி மீண்டும் விவாதிப்போம்.

விஷயம் இதுதான். அமெரிக்காவின் சுகாதாரத்துறைக்குத் தலைமை தாங்க ஒருவரை அந்நாட்டு ஜனாதிபதி முன்மொழிந்திருந்தார். தடுப்பூசிகளைப் பற்றி நீண்ட காலமாகச் சந்தேகம் கிளப்பி வந்தவர். செனட் அவரை ஏற்குமா, ஏற்காதா? டிவியில் விசாரணை ஓடியது. வாட்ஸ்அப்பில் அதைவிட வேகமாக ஓடியது.

"கேள்வி கேக்கிறது பிழையோ அண்ணை?" என்றார் ரமணன்.

"கேக்கலாம். பதில் வந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதுக்குப் பேர் வேறை."

"மருந்துக் கொம்பனிக்காரன் சொல்லுறதெல்லாம் வேதமோ?"

"அப்பிடி நான் சொன்னனானோ?"

"எனக்கு அங்கை ஒரு வோட் இருந்தால் இந்த மனிசனுக்குத்தான்."

"இஞ்சை போன கவுன்சில் எலெக்‌ஷனுக்குப் போட்டனீரோ?"

"அண்டைக்கு எனக்கு ஷிப்ட்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி வாசுகி சிரித்தது கேட்டது. சுகந்தி சிரித்தது கேட்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஆரணியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்... ஆரணி என் மகள். எட்டு வயது. இரத்தப் புற்றுநோய் வந்து, நீண்ட சிகிச்சை எடுத்து, இப்போதுதான் அதை முடித்திருக்கிறாள். தலைமயிர் திரும்பி வந்துவிட்டது, முன்பைவிடச் சுருளாக. அவள் மாடிப்படியில் ஓடுகிறாள். நான்தான் இன்னும் வார்டில் இருக்கிறேன். அவள் ஒருமுறை இருமினால் என் கை தானாகக் கார்ச் சாவியைத் தேடும்.

அவளுக்குச் சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனைப் புற்றுநோய் மருந்து குறைத்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சின்னமுத்து என்கிற தட்டம்மைக்கான ஊசியைத் திரும்பப் போடலாம், ஆனால் உடம்பு தேற இன்னும் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். அதுவரை என்ன செய்வது? "அவளோடு பழகும் பிள்ளைகளெல்லாம் ஊசி போட்டுக்கொண்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்" என்றார் டாக்டர்.

அந்தப் பிள்ளைகளில் முதலாவது சுகந்தியின் மகன் அகரன். மூன்று வயது. ஞாயிறு தவறாமல் வருவான். வந்ததும் ஆரணியின் மடியில் ஏறி அவளுடைய சுருள்களைப் பிடித்து இழுப்பான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், வீடியோ அழைப்பில் அவளுக்கு முத்தம் கொடுப்பதாக நினைத்து போனை நக்கியவன் அவன். முதல் ஊசி போட்டிருந்தான். இரண்டாவது தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கிழமைதான் ஆரணியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது — லண்டனில் சில இடங்களில் சின்னமுத்து பரவுகிறது, கவனம் என்று.

நான் நேரடியாகக் கேட்டேன். "அகரனுக்கு இரண்டாவது ஊசி போட்டாச்சோ?"

ரமணன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "பாப்பம் அண்ணை. அமெரிக்காவிலை என்ன முடிவு வருதெண்டு பாத்திட்டுப் போடுவம்."

என் மகளின் உயிரை ஒரு செனட் வாக்கெடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார் என்று தோன்றியது. நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மிக அமைதியாகச் சொன்னேன்.

"அப்ப அந்த முடிவு வரும்வரைக்கும் பிள்ளையை இஞ்சை கூட்டிக்கொண்டு வரவேண்டாம்."

சுகந்தி குசினியிலிருந்து வந்து அகரனின் சப்பாத்துகளைத் தேடி எடுத்தாள். குனிந்து அவனுக்கு மாட்டிவிட்டாள். நிமிரவேயில்லை.

"அப்பா, வை இஸ் சித்தி கிரையிங்?" என்று ஆரணி கேட்டாள்.

அவர்கள் போன பிறகு வாசுகி சொன்னாள், "நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் என்ரை தங்கச்சிக்குச் சொன்னியள்."

அடுத்து வந்த நாட்களில் நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனும் கையுமாக இருந்தேன். யார் என்ன கேட்டார், யார் மழுப்பினார், யார் கட்சி மாறி வாக்களிப்பார்... ரமணனுக்கு அனுப்பப் பதில்களைச் சேகரித்தேன். கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. அந்த மனிதருக்குப் பதவி கிடைத்துவிட்டது. ரமணன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்புவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றுமே அனுப்பவில்லை.

தன் ஆள் வென்ற பிறகும் ரமணன் ஏன் மௌனமாக இருக்க வேண்டும்? அது என்னை உறுத்தியது.

சுகந்தி ஹவுன்ஸ்லோவில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய இடைவேளை நேரத்தில் போய்க் கார் பார்க்கில் காத்திருந்தேன். வந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அமெரிக்காவை விடும் சுகந்தி. உமக்கு என்ன பயம்?"

அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் அந்த மனிசனைப் பற்றித்தான் கதைச்சனீங்கள் அத்தான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"இப்ப கேக்கிறன்."

"முதல் ஊசி போட்டு ஒரு கிழமையாலை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பஸ்ஸிலை வரேக்கை என்ரை மடியிலை..." கதவு சாத்தித்தான் இருந்தது. என்றாலும் குரலைத் தாழ்த்தினாள். "வலிப்பு. கண் ரெண்டும் மேலை போயிட்டுது. கை கால் இழுத்தது. நான் முடிஞ்சுதெண்டுதான் நினைச்சன்."

ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு சிலவேளை இப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"அவை சொன்னவை. ஆனால் நான் கண்ணாலை பாத்தது வேறை."

எனக்கு அந்த வசனம் தெரியும். மானிட்டர் சத்தம் போட, நர்ஸ் ஓடிவந்து 'வயர் கழன்றிருக்கிறது, ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணால் பார்த்ததை யாரும் விவாதத்தில் தோற்கடிக்க முடியாது.

"ஏன் எங்களிட்டைச் சொல்லேல்லை?"

"ஆரணிக்கு வருத்தமெண்டு நீங்கள் எல்லாருக்கும் சொன்னியள். அதுக்குப் பிறகு கோயிலிலை, கலியாண வீட்டிலை ஆக்கள் என்ன கதைச்சவை எண்டு எனக்குத் தெரியும். உங்கடை காதிலை விழேல்லை. 'பொம்பிளைப் பிள்ளை, இனி என்ன செய்யப் போகினமோ' எண்டு..." கண்ணைத் துடைத்தாள். "வலிப்பெண்டு ஒருக்கா வெளியிலை சொன்னால் அவன்ரை கலியாணம் மட்டும் அது பின்னாலை வரும். அதுதான் இவரிட்டையும் சொல்ல வேண்டாமெண்டு சத்தியம் வாங்கினனான்."

அப்போதுதான் எனக்கு வெளித்தது. ரமணன் எங்கள் வீட்டு ஹோலில் உண்மையில் ஒருநாளும் அமெரிக்க அரசியல் பேசவில்லை. மனைவிக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். 'என் மகனுக்கு வலிப்பு வந்தது' என்று சொல்ல முடியாத மனிதருக்கு, 'அமெரிக்காவில் என்ன முடிவு வருகிறதென்று பார்ப்போம்' என்பது எவ்வளவு வசதியான வாக்கியம்.

பெரிய பதவியில் யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மிகவும் முக்கியம். அங்கே ஒருவர் சந்தேகத்தைக் கிளப்பினால், அது கடல் தாண்டி வந்து, ஹவுன்ஸ்லோவில் ஒரு பயந்த தாய் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. ஆனால் அவளை அங்கேயே ஒளிந்திருக்க விட்டது அந்த மனிதர் இல்லை. அவள் நின்ற குசினிக்கு அடுத்த ஹோலில் சோபாவில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த நாங்கள்.

"நர்ஸிட்டைப் போய் இதை அப்பிடியே கேப்பமோ?" என்றேன். "ஊசி போடவெண்டு இல்லை. கேக்க."

"நீங்களும் வருவியளோ?"

"வாறன். ரமணனையும் கூட்டிக்கொண்டு போவம்."

"ஐயோ, அவர் வந்தால் யூடியூப்பிலை உள்ள எல்லாத்தையும் கேப்பார்."

கேட்கட்டும் என்றேன்.

கிளினிக் நர்ஸ் நடுத்தர வயதுப் பெண். சுகந்தி பஸ்ஸில் நடந்ததைச் சொன்னபோது இடையில் ஒருமுறையும் குறுக்கிடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "மிகவும் பயந்திருப்பீர்கள்" என்றார் முதலில். அதற்குப் பிறகுதான் விளக்கம். வந்தது காய்ச்சலால் வந்த வலிப்பு. பிள்ளை வளர வளர அது வருவது குறையும். இரண்டாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வருவதும் பொதுவாகக் குறைவு. இன்னொருமுறை வந்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, சுகந்தியை அகரனைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் காட்டச் சொன்னார். அவன் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு நர்ஸ் ரமணனைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்றார்.

யூடியூப் வரப்போகிறது என்று நினைத்தேன்.

ரமணன் தொண்டையைச் செருமினார். "காய்ச்சல் வந்தால் மருந்து எவ்வளவு கொடுக்க வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவ்வளவுதான் அவருடைய கேள்வி. நர்ஸ் பதில் சொன்னார். சுகந்தி அகரனின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "இண்டைக்கே போடுங்கோ," என்றாள் தமிழில். நர்ஸுக்குப் புரிந்தது.

பிறகு வந்த நாட்கள் எனக்குச் சுலபமாகப் போயின என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அகரனுக்குக் 'கொஞ்சம் சூடு' என்று ஒரு காலை மெசேஜ் வந்தது. சுகந்தி வேலைக்குப் போகவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை. பின்னேரம் ஒரு படம் வந்தது: வாயெல்லாம் சாம்பார், கையில் அரை இட்லி, பின்னணியில் சூடு குறைந்த முகத்தோடு அவனுடைய அப்பா.

போன வெள்ளிக்கிழமை எல்லோரும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கூட்டம் குறைந்த நேரம் பார்த்துத்தான். ஆரணி வெளியே இருந்த மர வாங்கில் உட்கார்ந்திருக்க, அகரன் அவள் மடியில் ஏறி வழக்கமான வேலையைத் தொடங்கிவிட்டான். அவள் வலிக்குது என்று கத்தினாள். இவ்வளவு இனிமையான கத்தலை நான் கேட்டதில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "எங்கை சுகந்தி, உன்னையும் மகனையும் கன நாளாக் காணேல்லை?" என்று சுகந்தியைக் கேட்டாள்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"முதல் ஊசிக்குப் பிறகு இவனுக்குக் காய்ச்சலிலை வலிப்பு வந்தது அக்கா. நல்லாப் பயந்து போனன். இப்ப நர்ஸிட்டைக் கேட்டு ரெண்டாவதும் போட்டாச்சு."

அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"என்ரை மூத்தவனுக்கும் வந்தது," என்றாள் மெதுவாக. "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவளுக்கு ஊசி போடாமல் வைச்சிருக்கிறன்... அந்த நர்ஸ் மாதிரி ஆரும் எங்கடை கிளினிக்கிலையும் இருப்பினமோ?"

"கேட்டுப் பாப்பம். நானும் கூட வாறன் அக்கா," என்றாள் சுகந்தி.

எந்த நாட்டுச் சுகாதார அமைச்சராலும் சொல்ல முடியாத வசனம்.