இன்னொரு வாட்டி மேடம்

எங்க ஆராய்ச்சி நிலையத்துல அவங்களுக்குப் பேரு ‘இன்னொரு வாட்டி மேடம்’. புற்றுநோய்க்கு மருந்து தேடுற விஞ்ஞானி. சோதனை எவ்வளவு நல்லா வந்தாலும் முகம் மலராது. “இன்னொரு வாட்டி பாத்துடலாம்”னு முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க. கூட வேலை செய்யறவங்க நொந்து போய் வச்ச பேரு அது.

நான் அங்க கிளார்க். யாரு எத்தனை கட்டுரை எழுதினாங்க, அதை உலகத்துல எத்தனை பேரு தங்களோட கட்டுரையில மேற்கோள் காட்டினாங்கன்னு எண்ணி ஃபாரத்துல ஏத்தறதுதான் என் பிழைப்பு. அந்த எண்ணிக்கைய வச்சுத்தான் பதவி, மரியாதை எல்லாம். மேடம் என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க, என்னை அக்காம்பாங்க. நான் நாலு பேரு முன்னாடி மேடம்பேன், தனியா இருந்தா வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

அவங்க கணக்குல மொத்தம் எண்ணூத்து நாப்பது மேற்கோள். அதுல அறுநூத்துப் பதினொண்ணு ஒரே கட்டுரைக்கு. மார்பகப் புற்று செல்லை ஒரு மருந்து எப்படிச் சாகடிக்குதுன்னு எட்டு வருஷம் முன்னாடி எழுதினது. துறைத் தலைவர் பதவி காலியாச்சு. எதிர் ரூம் சாருக்கு ஐநூத்துச் சொச்சம்தான். பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சுன்னு நான் ஃபாரத்தை எடுத்து வச்சேன்.

அந்த நேரம் பாத்து, அதே மருந்தை வேற ஆய்வுக்கூடத்துலேருந்து வந்த மார்பகப் புற்று செல்லுல போட்டா ஒண்ணுமே ஆகலை. வேற யாரா இருந்தாலும் கண்டுக்காம விட்டிருப்பாங்க. இவங்க அந்தக் கட்டுரைக்கு எடுத்த செல் இருந்த பழைய குப்பியைக் குளிர்பெட்டியில தேடி எடுத்து, அது என்ன செல்லுன்னு வெளியில பரிசோதனைக்கு அனுப்பினாங்க.

குப்பி மேல எழுதியிருந்தது மார்பகப் புற்று. உள்ள இருந்தது கல்லீரல் புற்று. காக்கா கூட்டுல குயில் முட்டை மாதிரி, வேகமா வளர்ற செல் ஒண்ணு எப்பவோ உள்ள புகுந்து பழையதை ஒழிச்சுட்டு இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. யாரும் யாரையும் ஏமாத்தலை. ஆனா கட்டுரை தப்பு.

“வாபஸ் வாங்கிக்கப் போறேன்க்கா.”

“ஒரு மாசம் கழிச்சு வாங்கிக்கயேன். பதவி கைக்கு வந்துடும். எட்டு வருஷம் ஓடின தப்பு இன்னும் ஒரு மாசம் ஓடாதா?”

“அதை நம்பி எங்கயாவது மனுஷங்களுக்கு மருந்தைக் குடுத்துட்டா?”

“உன் கையாலேயே உன் கண்ணைக் குத்திக்கிறே, சொல்லிட்டேன்.”

அவங்க வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார். அவராவது புத்தி சொல்லுவார்னு போன் போட்டேன். “பவர் தப்பாப் போட்டுக் குடுத்துட்டா நான் கண்ணாடியத் திருப்பி வாங்கிக்கிறதில்லையா? அவ வேற என்னங்க பண்ணுவா”ன்னார். ஜாடிக்கேத்த மூடி.

அறுநூத்துப் பதினொண்ணை நானே கழிச்சேன். மீதி இருநூத்து இருபத்தொம்பது. பதவி எதிர் ரூம் சாருக்குப் போச்சு. மேடம் அவருக்குக் கை குடுத்து வாழ்த்தினாங்க. அப்புறம் பாத்ரூம்ல ரொம்ப நேரம் தண்ணி ஓடிச்சு. வெளிய வந்தப்ப கண்ணு சிவந்திருந்துச்சு. அவங்க நேரா சோதனைக்கூடத்துக்குப் போயிட்டாங்க.

ஆறு மாசம் கழிச்சு, முன்ன பின்ன தெரியாத ஒரு ஆஸ்பத்திரியிலேருந்து கடிதம். அந்த மருந்தை மார்பகப் புற்று வந்த நாப்பது பெண்களுக்குக் குடுத்துப் பாக்கறதா இருந்தாங்களாம். பட்டியல்கூடத் தயார். மேடம் போட்ட வாபஸ் அறிவிப்பைப் பாத்ததும் நிறுத்திட்டு, பலன் தெரிஞ்ச வேற சிகிச்சைக்கு அவங்களை அனுப்பிட்டாங்களாம்.

மேடம் ரெண்டு வாட்டி படிச்சாங்க. “நாப்பது பேரா”ன்னு மட்டும் கேட்டாங்க.

வருஷக் கடைசி ஃபாரம் வந்துச்சு. அந்த வாபஸ் அறிவிப்புக்கு எத்தனை மேற்கோள்னு ஒரு கட்டம். எவனும் காட்டலை. நான் நாப்பதுன்னு எழுதினேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் எழுதின ஒரே பொய். யாரு கேக்கப் போறாங்க.

கையெழுத்துப் போட வந்த மேடம் பேனாவை நிறுத்திட்டாங்க.

“என்னக்கா இது?”

“அந்தப் பொம்பளைங்க.”

“அவங்க யாரும் என் பேரை எங்கயும் எழுதலையேக்கா. அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது.” அதை அடிச்சுட்டு புது ஃபாரம் ஒண்ணை என் முன்னாடி வச்சாங்க. “இன்னொரு வாட்டி எழுதுங்க.”

பூஜ்ஜியம்னு எழுதினேன். கோபத்துல அழுத்தி எழுதினதுல பேப்பர் கிழிஞ்சு போச்சு. மூணாவது ஃபாரம் எடுக்க வேண்டியதாயிடுச்சு.