வடகக்காரி போட்ட பாரீஸ் பிளான்

வடகம் போடுகிறவள் தெருவில் நடந்தால், ஆள் வருவதற்கு முன்னால் வாசனை போய்ச் சேர்ந்துவிடும். இப்போதும் என் கை சட்டிக்குள்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் போட்டுப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுகிறேன். பகலெல்லாம் வெயிலில் காய வேண்டும், சாயங்காலம் உதிர்த்து மறுபடி உருட்ட வேண்டும். ஈரம் போகிறவரைக்கும் தினமும் இதே வேலைதான். கடைசி நாள் எப்படிப் பிடித்தோமோ, அந்த விரல் தடம் அப்படியே உருண்டையில் நின்றுவிடும். நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். தாளில் எண்ணெய் பட்டிருந்தால் கோபிக்காதீர்கள். படிப்பும் கொஞ்சம்தான்.

வில்லியனூர் பக்கம் எங்கள் ஊர். இங்கே பாரீசில் ஆள் இருக்கிற குடும்பங்கள் நிறைய. லீவுக்கு வந்து திரும்புகிறவர்கள் வடகம் இல்லாமல் பெட்டியை மூட மாட்டார்கள். அவர்களுக்குத்தான் நான் கட்டிக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான், ஒரு ஓட்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறார். எங்கள் பாப்பா தர்ஷினி வயிற்றில் இருக்கும்போது போனவர். இதுவரைக்கும் அவளைப் போனில்தான் பார்த்திருக்கிறார். உங்கள் வீட்டு ஆளும் போன் கண்ணாடிக்கு முத்தம் கொடுக்கிறவர் என்றால், மீதியை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

வெந்நீர்த் தொட்டி

அவர் இங்கே வர முடியாது. அங்கே தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு பேப்பர் பாக்கி. புதுக் கார்டு கைக்கு வராமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். நாங்கள் போய் அவரோடு தங்கவும் முடியாது. ஒரே ரூமில் அடுக்குக் கட்டில் போட்டு ஆம்பிளைகளாகப் படுத்திருக்கிறார்கள். அதனால் ஒரு யோசனை சொன்னார். நானும் பாப்பாவும் போவது. ஒரு சனி, ஞாயிறு நல்ல ஓட்டலில் ரூம் எடுத்து, மூணு பேரும் ராஜா வீட்டு ஜனங்கள் மாதிரி இருந்துவிட்டு, நாங்கள் திரும்பி வந்துவிடுவது.

ஆனால் அந்த ஊரில் அவர் பார்த்தது பாத்திரமும் ரயிலும்தான். அதனால் பிளான் போடுகிற வேலை எனக்கு வந்தது. வடகம் வாங்க வருகிறவர்களிடம் விசாரிக்க வேண்டும். எனக்கோ ஆள் முகம் பார்த்துப் பேச வராது. சட்டியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்பேன். முதலில் மாட்டியது, மாதா கோயிலுக்கு வந்துவிட்டு அப்படியே வடகம் வாங்க வந்த ஒரு அக்கா. பாரீசில் ஒரு ஆபீசில் தரை துடைக்கிறவர். “ரெண்டு நாள்ல இன்னாக்கா பார்க்கலாம்?” என்றேன். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ஒண்ணும் பார்க்க வேணாம். ஓட்டல்ல வெந்நித் தொட்டி இருக்கும். அதுல கழுத்து வரைக்கும் படுத்துக்கச் சொல்லு. அந்த இரும்புக் கோபுரம் எங்கயும் ஓடிப்போவாது.”

புகை மணி

புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்த நாட்டிலேயே வேறு ஊரிலிருந்து பாரீசுக்குப் போய் ரெண்டு நாள் தங்கினார்களாம். படுக்கைக்கே காலை ஆகாரம் வந்ததாம், சாக்லேட் வந்ததாம், பன்னு வந்ததாம். ரெண்டாவது நாளே அந்தப் பெண்ணுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது. பெட்டியில் என் வடகம் இருந்தது. குட்டி கரண்ட் அடுப்பும் கொண்டுபோயிருக்கிறாள், மகராசி. ரூமுக்குள்ளேயே குழம்பு தாளிக்க எண்ணெய் காயவைத்து வடகத்தை உதிர்த்துப் போட்டிருக்கிறாள்.

வடகம் தாளிக்கிற புகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேலே இருந்த மணி அடித்துவிட்டது. எல்லா மாடியிலும் அடித்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் துண்டோடும் துப்பட்டியோடும் தெருவுக்கு வந்து நின்றார்களாம். நான் பயந்து, “அப்புறம் இன்னா ஆச்சி?” என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சொன்னாள்: “இன்னா ஆவும்? அடுப்பை அணைச்சிட்டு நாங்களும் போயி ஓரமா நின்னோம். இவரு மட்டும் கொழம்பு சட்டிய கையிலயே வச்சிக்கினு நின்னாருக்கா!”

அன்றைக்கு நான் பிளானில் சேர்த்தேன்: ரெண்டு நாளும் சமையல் கிடையாது.

படகு

கரும்பு வைத்திருக்கிற ஒரு பெரியவர், மகன் வீட்டுக்குப் போய் வந்தவர். மகன் டிக்கெட் எடுத்து, அப்பாவையும் அம்மாவையும் ஆற்றுப் படகில் ஏற்றிவிட்டானாம். ரெண்டு கரையிலும் விளக்கு, பாலம், கோபுரம். படகு கிளம்பியதுமே அம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இறங்குகிறவரைக்கும் கண் திறக்கவில்லை. “எழுப்பக் கூடாதா ஐயா, அவ்ளோ தூரம் போயி?” என்று கேட்டேன்.

அவர் பையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: “எப்படிம்மா எழுப்புறது? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ எனக்கு முன்னாடி தூங்கி நான் பார்த்ததே இல்ல.”

படகையும் சேர்த்தேன். பாப்பாவிடம் சொன்னபோது அவள் தன் பங்கைச் சொன்னாள். படகில் அவள் அப்பா தோளில்தான் உட்காருவாள், சீட்டில் உட்கார மாட்டாள். அன்று சாயங்காலமே தன் சின்னப் பையில் கவுனும் சீப்பும் எடுத்து வைத்துவிட்டாள்.

சன்னலோரம் இருப்பவை

இந்த வெயிலுக்கு, அவரோடு ரூமில் இருக்கிற தம்பி ஒருவர் தங்கச்சி கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தார். திரும்பும்போது பார்சல் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு, வீட்டில் சோறு சாப்பிட்டார். முற்றத்தில் பாப்பா குச்சியை வைத்துக்கொண்டு வடகத்துக்குக் காக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள். அது அவள் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. நடக்கத் தொடங்கின வருஷத்திலிருந்து, ஒவ்வொரு தடவையும் அவள் கையால் ஒரு உருண்டை பிடிக்க வைத்து, அவள் அப்பா பார்சலில் போட்டுவிடுவேன். அவர் என்ன செய்வார் என்று நான் கேட்டதில்லை. குழம்பில்தான் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பி பாப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “அண்ணி, எல்லா வடகத்தையும் எங்களுக்கு ஆக்கிப் போடுவாரு. குட்டி உருண்டைய மட்டும் தொடவுட மாட்டாரு. சன்னலாண்ட வரிசையா வச்சிருக்காரு. அந்தத் தடத்துல தன் வெரலை வச்சி வச்சிப் பார்ப்பாரு, உள்ளதான் போவாது.”

திரும்பி வர என்ன இருக்கு

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கிற அண்ணன்தான் எங்களுக்கு விசாவுக்குப் போட்டுக் கொடுத்தார். ஓட்டல் ரூம், வெந்நீர்த் தொட்டியோடு. படகு டிக்கெட். போக வர விமானம். நான் கேட்டுச் சேர்த்த பிளானைப் படித்துவிட்டு, “இன்னாம்மா, எனக்கே போவணும்போல இருக்கு” என்று சிரித்தார். போன வாரம் கூப்பிட்டார், போனேன். விசா இல்லை என்று வந்துவிட்டது. என் பேரில் நிலமில்லை, சம்பளச் சீட்டு இல்லை, பாப்பாவும் கூடவே வருகிறாள். போனால் அங்கேயே தங்கிவிடுவோம் என்று நினைக்கிறார்களாம்.

“வடகம் காயுது, நான் திரும்பி வராம எப்படிண்ணே?” என்று கேட்டேன். வடகத்தை எழுத விசா பாரத்தில் இடமில்லை என்றார். தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “ஒரே வழிதாம்மா இருக்கு. கொழந்தைய இங்க வுட்டுட்டு நீ மட்டும் போறேன்னு போட்டா, திரும்பி வருவேன்னு ஒருவேளை நம்புவாங்க.”

பாப்பா பக்கத்து நாற்காலியில் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் கேட்டது

ஞாயிற்றுக்கிழமை போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நீயாவது வாடி” என்றார். “ஒருத்தரையாவது கண்ணால பார்க்குறேன்.” எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அவர் குரலைத்தான் இத்தனை நாளும் பக்கத்தில் வைத்துப் படுத்திருக்கிறேன். தொட்டி, படகு, சமைக்காத ரெண்டு நாள் எல்லாம் கண்ணில் வந்துபோனது. ஆனால் பாப்பாவிடம் பையைப் பிரித்துவிடு, அப்பாவை நான் மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? “அவ இல்லாம நான் வரலைங்க” என்றேன். அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகிற அவசரத்தில் சொன்னார்: “தம்பி கிளம்பறதுக்குள்ள அவளை உருண்டை புடிக்கச் சொல்லு. நல்லா அழுத்திப் புடிக்கச் சொல்லுடி.”

இன்றைக்குப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தாள். போன வருஷத்தைவிடக் கை பெரிசாகிவிட்டது. கடைசி வெயில் வாங்கட்டும் என்று அதைத் தனியாக முறத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குத் தம்பி வந்து வாங்கிக்கொள்வார்.

ஊர்ப்பட்ட பெட்டிக்கு வடகம் கட்டிக் கொடுத்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வடகத்தை எந்த நாடும் உள்ளே விட்டுவிடுகிறது, அதைப் பிடித்த கையைத்தான் இன்னும்... இருங்கள், பாப்பா கத்துகிறாள், காக்கா முறத்தில் உட்கார்ந்து அவள் உருண்டையை