பானட்டுக்கு அடியில் போன வயர்

நான் கவனித்துக்கொண்ட பெரியவர் கப்பல் எஞ்சினியராக இருந்தவர். பக்கவாதம் வந்தபின் பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. சந்தேகம் மட்டும் முழுதாக மிச்சமிருந்தது. மாத்திரையைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் விழுங்குவார்.

ஷெட்டில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஓடாமல் நின்றது. பேட்டரி செத்துப்போகாமல் இருக்க அவருடைய மாப்பிள்ளை ஒரு சின்ன சார்ஜரை மாட்டி, வயரை பானட் இடுக்கு வழியாக வெளியே விட்டு மூடினார். பெரியவர் சக்கர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மாப்பிள்ளையைக் கண்டாலே முறைப்புதான்.

"காரை வித்துத் தின்னுடுவேன்னு மாமாவுக்குப் பயம்" என்று மாப்பிள்ளை சிரித்தார். எனக்கும் சந்தேகம்தான். மாப்பிள்ளை காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்ததைப் பார்த்திருந்தேன்.

ஒருநாள் பெரியவர் என்னை ஷெட்டுக்குத் தள்ளச் சொல்லி, நல்ல கையால் பானட் ஓரத்தைக் காட்டினார். "நசுங்... குது."

குனிந்து பார்த்தேன். இரும்பு விளிம்பு வயரைக் கடித்து, உள்ளே செம்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் தீப்பொறிதான். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று தினமும் பார்க்கிறவள், இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

மாப்பிள்ளை புது வயர் வாங்கிவந்து, காரின் முன்சக்கரத்துக்கு மேலிருந்த இடைவெளி வழியாக வெளியே விட்டு, எதுவும் நசுக்காதபடி கட்டினார். "இப்பவாவது சரியா மாமா?"

பெரியவர் வயரை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கையை நீட்டி மாப்பிள்ளையிடமிருந்து கார் சாவியை வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.