தன் வாயால் சொல்லாத கைஹுவா

கைஹுவாவின் தலைக்கு மேல்தான் ஃபென்லியெனின் முற்றம். மலைச்சரிவைக் குடைந்து வீடு செய்கிற ஊரில் இது யார் தப்பும் இல்லை. கீழ்வீட்டுக் கூரை மேல்வீட்டு முற்றம், மேல்வீட்டுக் கூரை இன்னொருத்தியின் முற்றம், இப்படியே மேட்டின் உச்சி வரை. ஆனால் அந்த முற்றத்தில், அடியில் தீ மூட்டிச் சூடேற்றுகிற கைஹுவாவின் மண் கட்டிலுக்குச் சரியாக நேர் மேலே, தினைக்கு உமி நீக்குகிற கல் உருளையைக் கொண்டுவந்து போட்டாளே, அது ஃபென்லியெனின் தப்புதான். கழுதை உருளையை இழுத்துச் சுற்றும்போதெல்லாம் கீழே கைஹுவாவின் கஞ்சியில் மண் உதிர்ந்தது. கேட்கப் போனாள்.

"உன் வீட்டு உள்கூரைய நீ பூசாம என் கழுதையக் குத்தம் சொல்ல வந்துட்டியா?" என்றாள் ஃபென்லியென்.

அன்றோடு பேச்சு நின்றது. பதினொரு வருடம்.

நின்றது என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அது முடிகிற காரியமா? கைஹுவா தன் கோழியிடம் பேசினாள். ஃபென்லியென் தன் கழுதையிடம் பேசினாள்.

"ஏ கோழி, சில பேருக்கு ஊரையே எழுப்பினாத்தான் காலைக் கஞ்சி இறங்குது, பாத்தியா?"

"ஏ கழுதை, மெதுவா நட. வெயில் ஏறின பிறகும் தூங்கறவங்க கீழ இருக்காங்க."

கைஹுவாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவன் போய் ஆறு வருடம். ஒரே மகன் யோங்ஷெங் மாகாணத் தலைநகரான தையுவானில் பதினேழாவது மாடியில் குடியிருந்தான். ஒரு குளிர்காலம் அங்கே போய் இருந்து பார்த்தாள். மருமகள் தங்கமானவள். அதுதான் தொல்லையே. கைஹுவா எழுந்தால் "நீங்க உக்காருங்க அத்தை" என்பாள். கரண்டியைத் தொட்டால் "நான் பாத்துக்கறேன் அத்தை" என்பாள். மூன்று மாதம் சன்னல் ஓரமாக உட்கார்ந்து கீழே போகிற வண்டிகளைப் பார்த்ததில், நல்ல உடம்பாகப் போனவள் முழங்கால் வலியோடு திரும்பி வந்தாள்.

இந்த வருடம் மகன் ஒரே பிடியாக நின்றான். "இலந்தை பறிச்சு முடிஞ்சதும் வீட்டப் பூட்டும்மா. அங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போற? உனக்குன்னு அங்க என்ன வேலை இருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. அதனால்தான் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பதில் ஊர்த்தலைவர் துவானோடு நடந்து வந்தது. வெளிநாட்டிலிருந்து முதன்முதலாகச் சீனாவைப் பார்க்க வருகிறவர்களை அழைத்து வரும் ஒரு கம்பெனி, இந்த ஊரில் மூன்று வீடுகளைத் தேடுகிறதாம். விருந்தாளிகள் வந்து தங்குவார்கள், வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவார்கள். பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு பெண் வருகிறாள்.

"வருஷம் முழுக்கவா ஆளு வருவாங்க?" என்று கேட்டாள் கைஹுவா.

"பனி கொட்டற ரெண்டு மாசம் தவிர."

அன்று மாலையே கைஹுவா படுக்கை விரிப்பை அவிழ்த்துத் துவைத்தாள். உள்கூரையையும் பூசினாள். அதை மேலே இருக்கிறவள் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு பூசினாள்.

வந்த பெண்ணின் பெயர் ருவோயின். முகம் நம் முகம், பேச்சும் நம் பேச்சு. பேச்சில் மட்டும் கொஞ்சம் பாடப்புத்தக வாசனை அடித்தது. கனடாவில் பிறந்து வளர்ந்தவளாம். அதனால் என்ன, பெற்றவர்கள் நம் ஆட்கள்தானே என்று கைஹுவா நினைத்துக்கொண்டாள்.

அவள் கையில் ஒரு பிஸ்கட் டப்பா. "இது உங்களுக்கு" என்று நீட்டினாள்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்கும்மா? வேண்டாம், வேண்டாம். நீயே வெச்சுக்க."

இன்னொரு முறை நீட்டுவாள், இன்னொரு முறை மறுக்கலாம், மூன்றாவது முறை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கைஹுவா காத்திருந்தாள். அந்தப் பெண் "சரி" என்று டப்பாவைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டாள். கைஹுவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயணக் களைப்பாக இருக்கும் என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மேசையில் ஒன்பது தட்டு. உருளைக்கிழங்கைச் சீவி மாவில் பிரட்டி ஆவியில் வேகவைத்தது, தேன்கூடு மாதிரி அடுக்கிய ஓட்ஸ் மாவுச் சுருள், ஆட்டுக்கறிக் குழம்பு, கடுகுக்கீரை ஊறுகாய், இலந்தைப்பழம் பதித்த ஆவி ரொட்டி, தினைக் கஞ்சி, இன்னும் இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் வீட்டு வினிகர்.

"ஒண்ணுமே பண்ணலம்மா" என்றாள் கைஹுவா. "இருக்கறத வெச்சுச் சமாளிச்சுக்க."

"நன்றாக இருக்கிறதே!"

"எங்க நல்லா இருக்கு? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. எனக்கு என்ன சமைக்கத் தெரியும்?"

ருவோயின் எதையோ எழுதினாள். தட்டைக் காலி செய்தாள். தட்டு காலியானால் விருந்தாளிக்குப் போதவில்லை என்றுதானே அர்த்தம்? கைஹுவா பதறி நிரப்பினாள். அவள் மறுபடி காலி செய்தாள். நான்காவது முறை நிரப்பியபோது அந்தப் பெண்ணின் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

"இந்த மண் கட்டில் இரவு முழுவதும் சூடாக இருக்குமா?"

"என்னத்தச் சூடு. பழைய கட்டில், ஏதோ இருக்கு."

"விருந்தாளிகள் வந்தால் உங்களுக்குச் சம்மதமா?"

"இந்த ஓட்டை வீட்டுக்கு யாரும்மா வருவாங்க? உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவள் அதையும் எழுதினாள். வாசல் தாண்டி, சரிவு தாண்டி, கீழே கிணறு வரை கைஹுவா கூடவே போய் வழியனுப்பினாள். போதும் திரும்புங்கள் என்று அவள் ஏழு முறை சொன்னாள். விருந்து ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது என்ற நிறைவோடு கைஹுவா வீடு திரும்பினாள்.

நான்கு நாள் கழித்துத் துவான் காகிதத்தோடு வந்தார். கைஹுவாவுக்குப் படிக்கத் தெரியாது. முற்றத்தில் நின்றபடியே அவர் படித்தார்.

"'சாப்பாட்டில் உப்பும் உறைப்பும் இல்லை என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொள்கிறார். கட்டில் பழையது, சூடு நம்ப முடியாது. விருந்தாளிகளை ஏற்க அவருக்கு விருப்பமில்லை. நேர்மையானவர்.'" துவான் தொண்டையைச் செருமினார். "நேர்மையானவர்னு போட்டிருக்கா, கைஹுவா."

"அந்த நேர்மையக் கொண்டுபோய் ஆத்துல போடு! நாலு வாட்டித் தின்னாளே! தட்டு தட்டா வழிச்சுத் தின்னாளே!"

"நீ சொன்னதத்தான் எழுதியிருக்கா."

"விருந்தாளிகிட்ட வேற என்னத்தச் சொல்றது? என் கைக்கு ஈடு இல்லன்னு நானே சொல்லணுமா?"

"ஹாவ் சொன்னானே" என்றார் துவான்.

ஊர்க் கோடியில் ஆட்டுப்பட்டியோடு ஒட்டி வாழ்கிற ஹாவ், என் ரொட்டி மாதிரி இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று மார் தட்டியிருக்கிறான். அவன் வீட்டு ரொட்டியை ஆடே முகர்ந்துவிட்டுப் போகும். அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. மற்ற எல்லா வீட்டிலும் எல்லாரும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று சொல்லி வைத்ததில் மீதி இரண்டு இடமும் காலியாகவே கிடந்தன. நாளைக்கு அந்தப் பெண் ஆற்றங்கரைச் சந்தையூரிலிருந்து வேறு ஊர்களுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பேச்சே கிடையாது.

"போய் நேரா சொல்லு. என் சாப்பாடு நல்லா இருக்கும், என் கட்டில் சுடும்னு. ரெண்டே வார்த்தை."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றாள் கைஹுவா.

துவான் போன பிறகு முயன்று பார்க்காமல் இல்லை. அடுப்புக்கு முன்னால் நின்று, "என் சமையல்..." என்று ஆரம்பித்தாள். காது வரை சூடேறியது. அதற்குமேல் நாக்கு நகரவில்லை. பதினேழாவது மாடிச் சன்னலை நினைத்துக்கொண்டு மறுபடி முயன்றாள். அப்போதும் வரவில்லை. பெண் பார்க்க வருகிற இடத்தில் பெற்ற தாயே 'என் பெண் கெட்டிக்காரி' என்று சொன்னால் வந்தவர்கள் எழுந்து போய்விடமாட்டார்களா? அவளைப் பார்க்க வந்தபோதும் அம்மா அவளைச் சோம்பேறி என்றுதான் சொன்னாள். பக்கத்து வீட்டு அத்தைதான் குறுக்கே வந்து, "இவ சொல்றதக் கேக்காதீங்க, இவ்வளவு சுறுசுறுப்பான பொண்ண நான் பாத்ததில்ல" என்றாள். அதனால்தான் கல்யாணமே நடந்தது.

கைஹுவா அப்படியே நின்றாள். பக்கத்து வீடு. அவளுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்றுதான் இருந்தது, அதுவும் தலைக்கு மேலே.

மேலே இருந்து சத்தம் வந்தது. "ஏ கழுதை, நானும் பத்துத் தட்டு வெச்சேன். நேர்மையானவளாம்! என்னைய!"

அவளுக்கும் கிடைக்கவில்லை. கைஹுவா முற்றத்துக்கு வந்து கோழியைத் தூக்கி வைத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"ஏ கோழி, எனக்கு ஒண்ணு தோணுது. என் வாயால என்னைச் சொல்ல முடியாது. ஆனா மேல் வீட்டு ஆட்டுக்கறிப் பணியாரம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பதினொரு வருஷம் முந்தி தின்னது. இன்னும் மறக்கல. அத நான் யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன்."

மேலே கழுதை காலை உதைத்தது.

"ஏ கழுதை" என்றது கடைசியில் அந்தக் குரல், கொஞ்சம் கரகரப்பாக. "கீழ் வீட்டுல ஆவி ரொட்டி வேகறப்ப வர்ற வாசனையில எனக்குப் பாதிப் பசி ஆறிடும். அதுல பொய் இல்ல. ஆனா என் உருளையப் பத்தி யாரும் எங்கயும் வாயத் திறக்கக் கூடாது."

"ஏ கோழி, உருளையப் பத்தி யாரு பேசினா?"

"ஏ கழுதை, துவானோட மூணு சக்கர வண்டி காலையில ஏழு மணிக்கு."

வண்டியின் பின்பக்கம் இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. ஃபென்லியெனுக்கு உடம்பு பெரியது. ஒரு வளைவில் கைஹுவா பாதி வெளியே தொங்கிவிட்டாள்.

"தள்ளி உக்காருக்கா" என்றாள்.

பதினொரு வருடத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஃபென்லியென் தள்ளி உட்கார்ந்தாள். "உன் எலும்புதான் குத்துது" என்றாள்.

சந்தையூர் விடுதி வாசலில் ருவோயின் சூட்கேசை மூடிக்கொண்டிருந்தாள். கைஹுவா நேராகப் போய் நின்றாள். "அம்மா, இவங்க பணியாரத்த நீ சரியா தின்னு பாக்கல. சூடா கடிச்சா சாறு முழங்கை வரைக்கும் வழியும். இவங்க வீட்டுக் கட்டில் விடியற வரைக்கும் ஆறாது. புரண்டு புரண்டு படுக்கணும்."

"எங்க சூடு? ஒண்ணுமில்லம்மா!" என்றாள் ஃபென்லியென். "இவ சொல்றத நம்பாத. இவ கையாலதான் சாப்பிடணும். நான் மேல இருக்கறவ, என்ன வேகுதுன்னு மூக்காலயே சொல்லுவேன். இவ ஒரு நாள் ஒரு தட்டத் தீய விட்டதில்ல."

"ஐயோ, போன மாசம்கூடத் தீய விட்டேன்!"

"பொய்! அது துவான் வீடு!"

"என் உருளைக்கிழங்கு மாவா இருக்கும்!"

"என் பணியாரம் கல்லு!"

"நில்லுங்கள்!" என்று ருவோயின் இரண்டு கையையும் தூக்கினாள். "எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நான் யாரை நம்ப வேண்டும்?"

"என்னைப் பத்தி அவளக் கேளு" என்றாள் கைஹுவா. "அவளப் பத்தி என்னைக் கேளு. எங்களப் பத்தி எங்களையே கேட்டியே, அங்கதான் தப்பு."

அந்தப் பெண் மெதுவாகச் சூட்கேசின் மேல் உட்கார்ந்தாள். பிறகு காகிதக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆறு ஊர், நாற்பது வீடு. "எல்லாருமே எனக்கு இதைத்தான் சொன்னார்கள்" என்றாள் மெல்லிய குரலில். "எங்கள் அம்மாவும் விருந்தாளிகளிடம் இப்படித்தான் சொல்வார். நான் அவருக்குச் சமையல் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன்." சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.

இரண்டு பெயரையும் எழுதினாள். ஆனால் ஒன்று, வருகிறவர்கள் முதல்முறை வருகிறவர்கள், அவர்களிடம் ஒண்ணுமில்லை என்று சொல்லக் கூடாது என்றாள். அது முடியாது என்று கைஹுவா அங்கேயே சொல்லிவிட்டாள். வேண்டுமானால் நீ அவர்களிடம் சொல்லி அனுப்பு, 'ஒண்ணுமில்லை' என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம், தட்டில் கொஞ்சம் மீதி வைத்தால்தான் வீட்டுக்காரி விடுவாள் என்று சொல்லு என்றாள். ருவோயின் அதையும் எழுதிக்கொண்டாள்.

இலந்தை காய்ந்துகொண்டிருந்த நாளில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஆளுக்கு ஆறடி உயரம், இருவரும் கதவில் தலையை இடித்துக்கொண்டார்கள். அவர்கள் பேச்சு கைஹுவாவுக்கும் அவள் பேச்சு அவர்களுக்கும் புரியவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பு வந்ததும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து யோங்ஷெங் கூப்பிட்டான். "எப்பம்மா வர்ற? நான் வண்டி எடுத்துட்டு வரேன்."

"வரலடா."

"வரலன்னா? அங்க என்ன..."

"வேலை இருக்குடா. ரெண்டு பேரு சாப்பிட உக்காந்திருக்காங்க. இவங்க போனதும் புதன்கிழமை நாலு பேரு. நீ வரதா இருந்தா அதுக்கப்புறம் வா, முன்னாடியே சொல்லிட்டு வா, இடம் பாக்கணும்."

யோங்ஷெங், "நான் வரதுக்கு இடம் பாக்கணுமா?" என்றான்.

"பாக்கணும்" என்றாள் கைஹுவா. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, உயரமான அந்தப் பெண்ணின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.