கையை இறக்காத பிள்ளை

போன வருட மாசிக் குளிரில் நடந்தது இது. கனடாவில், அஜக்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தபடி அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வேலை செய்தேன். ரீச்சர் என்று நினைத்துவிடாதீர்கள்! அங்கே படிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. முன்பிருந்த ரீச்சர் பதிவு செய்துவிட்டுப் போன வீடியோக்களைச் சுவரில் ஓடவிடுவார்கள். பிள்ளைகள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று நான் கமராவில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மைக்கைத் திறக்கக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

சுவரில் இருக்கும் ரீச்சர் கேள்வி கேட்பார், சிரித்தபடி கொஞ்சம் பொறுப்பார், பிறகு "வெரி குட்!" என்பார். சரியாகச் சொன்னாலும் வெரி குட், பிழையாகச் சொன்னாலும் வெரி குட். போகப்போகப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அந்த வெறும் அமைதிக்கும் அதே சிரிப்பு, அதே வெரி குட். ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தமே போடாத சின்னப் பிள்ளைகளை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா?

முன் வரிசையில் ஒரு சிறுமி ஒருநாள் கையைத் தூக்கினாள். ரீச்சர் அவளை நேரே பார்ப்பதுபோல் சிரித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். அவள் கையை இறக்கவில்லை. வலித்திருக்க வேண்டும், மற்றக் கையால் முட்டுக்கொடுத்துப் பிடித்தாள்.

தேநீரோடு இறங்கி வந்த கணவர் என் விரல் மைக் பொத்தானுக்குப் போவதைக் கண்டுவிட்டார்.

"உமக்கேன் உந்த வம்பு? மைக்கைத் திறக்கவேண்டாமெண்டு சொன்னவையெல்லோ?"

"உந்தப் பிள்ளையைப் பாருங்கோ. என்னால ஏலாதப்பா."

திறந்துவிட்டேன். "என்ன வேணும் செல்லம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மற்றப் பிள்ளைகள் திடுக்கிட்டுக் கூரையில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். அவள் மட்டும் சுவரில் இருந்த முகத்திடமே பேசினாள். கடைசியில் ரீச்சர்தான் தன்னைக் கேட்டுவிட்டார் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. முன்பும் எத்தனையோ தரம் உங்களிடம் சொன்னேனே."

நான் வாயைத் திறப்பதற்குள் சுவர் சிரித்தது. "வெரி குட்!"

அவள் கையை இறக்கினாள்.

நடந்ததை அன்றே மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை, வேலைதான் போனது. அதற்காக நான் கவலைப்படவில்லை. அந்தப் பிள்ளை வாசிக்கப் பழகினாளா என்று தெரியாததுதான் இன்றுவரை நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது. "உனக்கு இது இன்னும் தெரியாது, வா பார்ப்போம்" என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல உயிருள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதை, ஒரு பாராட்டைக் கேட்டுப் பயந்து நடுங்கிய அந்த நாளில்தான் விளங்கிக்கொண்டேன்.