தனக்கோடியின் இடக்கையும் மடக்குக் கத்தியும்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சம்பந்தம் நடத்தும் ரப்பர் பட்டறையில், பிசிறு எடுக்கும் மேசைக்கு ஒரு ராணி உண்டென்றால் அது தனக்கோடிதான். அச்சிலிருந்து விழும் வாஷர்களின் ஓரத்தில் பூனை மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பிசிறைக் கத்தியால் சீவி எறிய வேண்டும். மற்றவர்கள் ஒரு ட்ரே முடிப்பதற்குள் அவர் ஒன்றரை முடித்திருப்பார். கூடவே அனகாபுத்தூரில் எந்தச் சந்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதையும் சொல்லி முடித்திருப்பார்.

பன்னிரண்டு வருடமாக அவருடைய ஆயுதம், இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடின் உடைந்த துண்டைத் தீட்டிப் பிடிக்குத் துணி சுற்றிய கத்தி. போன மாதம் தணிக்கைக்கு வந்த வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். திறந்த கத்தி கூடாது, பூட்டு விழும் மடக்குக் கத்திதான் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். சம்பந்தம் ஒரு டஜன் வாங்கிப் போட்டார்.

அன்று தொடங்கியது வினை. மூன்று வாரத்தில் தனக்கோடிக்கு மூன்று வெட்டு. மூன்றும் ஆட்காட்டி விரலில். அதே கத்தியைப் பிடித்த மற்ற ஐந்து பெண்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"கண்ணு மங்கிப்போச்சு போல. பேக்கிங்ல போட்டுடலாம்" என்றார் சம்பந்தம். "நீ ரிப்போர்ட் எழுதும்மா. திங்கக்கிழமையிலேர்ந்து மாத்திடுவோம்."

அந்த 'நீ' வினிதா. தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நாலு வருடம் இயந்திரவியல் படித்தவளுக்கு இங்கே இதுவரை வாய்த்ததெல்லாம் கட்டம் நிரப்பும் வேலை. இதற்குத்தானா படித்தோம் என்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் தினமும் யோசிப்பாள். பெருங்களத்தூர் வந்துவிடும், யோசனையைப் பாதியில் விட்டு இறங்கிவிடுவாள்.

ஆனால் இந்த ரிப்போர்ட்டை அவள் ஏனோதானோ என்று எழுதவில்லை. கத்தியை ஐம்பது முறை விரித்து, ஐம்பது முறை மடக்கினாள். பூட்டு கச்சிதம். தனக்கோடிக்கு எதிரே நாற்காலி போட்டு இரண்டு நாள் அவர் பிடியைக் கவனித்தாள். தன் பிடியைப் போலவேதான் இருந்தது. வேறு வழியில்லாமல் 'காரணம்: ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினாள். சனிக்கிழமை காலை சம்பந்தம் கையெழுத்தும் போட்டுவிட்டார். பாக்கி, சரியான பிடிக்கும் தவறான பிடிக்கும் ஒரு புகைப்படம்.

"அக்கா, கத்தியப் பிடிச்சுக் காட்டுங்க. போட்டோ எடுக்கணும்."

"முன்னாடியே சொல்லப்படாதா? நல்ல பொடவையா கட்டிக்கினு வந்திருப்பேனே."

"மூஞ்சி வராதுக்கா. கை மட்டும்தான்."

"கையில இன்னா கீது? பிளாஸ்திரிதான் கீது."

எதிரே நின்று எடுத்தால் அவள் நிழலே விழுந்தது. மேசையைச் சுற்றிப் போய்த் தனக்கோடியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் வலக்கையில் ஒரு கத்தியைப் பிடித்து அவர் கையருகே நீட்டினாள். கைப்பேசி இடக்கைக்கு வந்துவிட்டதால் முதல் மூன்று படத்திலும் கூரைதான் விழுந்தது. நாலாவதில் கைகள் விழுந்தன.

பார்த்தாள். எதிரிலிருந்து பார்த்தபோது கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றாகத் தெரிந்த இரண்டு பிடிகளும், படத்தில் நேர்மாறாக இருந்தன. அவள் கையில் கட்டைவிரல் இருந்த பக்கத்தில் தனக்கோடிக்கு உள்ளங்கை இருந்தது.

"அக்கா... நீங்க லெஃப்ட் ஹேண்டா?"

அச்சு இயந்திரத்தில் நின்ற டெனிஸ் திரும்பிச் சிரித்தான். "இன்னா மேடம், இப்பத்தான் தெரியுமா? பட்டறைக்கே தெரியும்."

"ஏன்ணா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே மேடம்!"

தனக்கோடி கத்தியைக் கீழே வைத்தார். "நான் சோத்துக் கையாலதாம்மா துன்றேன். கையெழுத்தும் அதுலதான். உனக்கு டீ குடுக்கறதும் அதுலதான். வேலைக்கு மட்டும் பீச்சாங்கை. அதையும் சொன்னா, அதுக்கும் ஒரு தப்பு எழுதுவியோன்னு கம்னு இருந்தேன்."

வினிதாவுக்கு முகம் சூடானது. கத்தியை இடக்கைக்கு மாற்றினாள். விரித்ததும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு நகர்ந்து வந்து அலகுக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும், அதுதான் பூட்டு. வலக்கைக்காரர்கள் அதைக் கட்டைவிரலால் தள்ளி மடக்குவார்கள். இடக்கையில் கட்டைவிரல் மறுபக்கம் போய்விடுகிறது. அது மட்டுமா? இறுக்கிப் பிடித்துச் சீவினால், ஆட்காட்டி விரலே அந்தத் தகட்டைத் தள்ளுகிறது. ரப்பர் கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், பூட்டு நழுவும். அலகு விரல்மேல் மடியும்.

நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"ரிப்போர்ட் தப்பு சார்."

"கையெழுத்துப் போட்டாச்சேம்மா!"

"தப்பு என்னுது சார். இத இடது கையால மூடிப் பாருங்க."

சம்பந்தம் கட்டைவிரலால் துழாவினார். தகடு அகப்படவில்லை. ஆட்காட்டி விரலால் தள்ளினார். அலகு சட்டென்று சாய்ந்தது. "அய்யய்யோ!" என்று கத்தியை மேசையில் போட்டுவிட்டு, விரல் முழுசாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு டஜன் வாங்கித் தொலைச்சிட்டேனே."

"ஒண்ணு மட்டும் வேற வேணும் சார்."

"திங்கக்கிழம காலையில அந்தம்மா கையில ஒழுங்கான கத்தி இருந்தா மேசை. இல்லாட்டி பேக்கிங்தான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

வினிதா புதுத் தாள் எடுத்தாள். 'கத்தியின் பூட்டு வலக்கைக்காரர்களுக்கு ஏற்றது' என்று எழுதினாள். 'சோதித்தவர் வலக்கையால் மட்டுமே சோதித்தார்' என்பதையும் சேர்க்கலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டில் இருவரும் நாலு கடை ஏறி இறங்கினார்கள். ஐந்தாவது ரவியின் இரும்புக் கடை. அவர் ஏழு கத்திகளைப் பரப்பி வைத்தார். தனக்கோடி ஒவ்வொன்றாக இடக்கையில் எடுத்தார், விரித்தார், மூடப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கித் தள்ளி வைத்தார்.

"யக்கா, கத்தி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணுன்னா கூட அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்பா."

"முதுகுப் பக்கம் பூட்டு இருக்கற மாதிரி ஏதாவது இருக்காண்ணா?" என்று கேட்டாள் வினிதா. முந்தைய இரவு கைப்பேசியில் தேடித் தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

ரவி ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். அதில் ஒன்றே ஒன்று இருந்தது. அலகின் முதுகை ஒட்டி, கைப்பிடியின் நட்ட நடுவில் பூட்டு. வினிதா வலக்கையால் அமுக்கினாள், மடிந்தது. இடக்கையால் அமுக்கினாள், அப்போதும் மடிந்தது. தனக்கோடியிடம் நீட்டினாள்.

அவர் கைப்பையைத் திறந்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த பிசிறு எடுக்காத வாஷர்கள் இரண்டை எடுத்தார். கத்தியை இடக்கையில் இறுக்கிப் பிடித்து ஒரே சுற்று. கறுப்பு நூல் போல பிசிறு சுருண்டு ரவியின் கல்லாமேல் விழுந்தது. இரண்டாவது வாஷர். வேண்டுமென்றே இன்னும் அழுத்தினார். பூட்டு இம்மியும் அசையவில்லை.

"கடையில குப்ப போடாதக்கா" என்றார் ரவி.

தனக்கோடி கத்தியை மடக்கி இடுப்பில் செருகினார்.

"மொதலாளிக்குப் போனப் போடும்மா" என்றார் வினிதாவிடம். "பேக்கிங்குக்கு வேற ஆளத் தேடச் சொல்லு."